வண்டியின் அடிவயிற்றுக்கு ஒரு தகடு

மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்கள் அதன் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள்; அடிவயிற்றைப் பார்ப்பது எங்கள் தொழில்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவனியாபுரத்தில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. கேட் அடிப்பேன், ஜன்னல் கம்பி அடிப்பேன். ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது வண்டிகளுக்கு அடித்த காப்புகள்தான். தார் ரோடு முடிகிற இடத்தில்தான் வேலையே ஆரம்பிக்கிறது என்கிற ஆட்கள் என்னிடம் வருவார்கள். விதை விற்கிறவர், பால் எடுக்கிறவர், கிணற்று மோட்டார் பழுது பார்க்கிறவர், இப்படி. கண்மாய்க் கரையிலும் கரிசல் காட்டிலும் வண்டியை ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குனிந்து அடியில் எட்டிப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எனக்கு ஒரு குணம் உண்டு. அடிபட்ட வண்டி வந்தால், அது எங்கே எப்படி அடிபட்டது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் ஒட்டுப் போட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. இதற்காக வாடிக்கையாளர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. "நெளிவெடுக்கக் கொண்டாந்தா, பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல விசாரிக்கிறாரு" என்று ஒருத்தர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

பனைமரம் யாருடையது?

வண்டியூர்ப் பக்கத்துப் பால்காரர் ஒருவர் லெக்கார்டு அடிக்கச் சொல்லி வந்தார். வண்டி சாய்ந்தால் காலும் டேங்கும் தப்புவதற்காக முன்னால் வளைத்துப் போடுகிற கம்பிதான் லெக்கார்டு. அவருக்குக் கால் தப்புவதைவிடப் பால் கேன் தொங்குவது முக்கியம். "ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கேன் தாராளமாத் தொங்கணும்ணே" என்றார். நானும் அவர் கையை விரித்துக் காட்டிய அகலத்துக்கு அடித்துக் கொடுத்தேன். ஜல்லிக்கட்டு மாட்டின் கொம்பு மாதிரி விரிந்து நின்றது.

மறு வாரமே வந்தார். இரண்டு முனையும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. ஒரு பக்கம் மடங்கினால் விழுந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எப்படி மடங்கும்? என் குணம் விடவில்லை. கேட்டுக் கேட்டுக் கடைசியில் சொன்னார். வரப்புப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு பனைமரம் இருக்கிறதாம். அந்த இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டிருக்கிறார். கம்பியை ஒரு சாண் குறைத்து அடித்துத் தருகிறேன் என்றேன். அவர் பதறிப்போனார்.

"கம்பியில கை வைக்காதீகண்ணே. அதுல ஒரு பனை எங்க சித்தப்பாவோடது, நான் பேசிக்கிறேன்."

வெள்ளைச் சட்டை

விதைக் கடைப் பிரதிநிதி ஒருவர் திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காடுகளில் சுற்றுகிறவர். எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். முன்சக்கரத்தின் சேறு மேலே தெறிக்கிறது, மட்கார்டை டயரோடு ஒட்டின மாதிரி இறக்கி, பக்கத்திலும் தகடு வைத்து மூடிவிடுங்கள் என்றார். கரிசல் மண் ஈரமானால் டயரை விடாது, நடுவில் கைமுட்டி போகிற அளவு இடம் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கிற மாதிரி இல்லை. "சட்டையில சேறு படாது, அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோடைக்காலம் என்பதால் கொஞ்ச நாள் என் பேர் நல்லபடியாகவே இருந்தது.

முதல் மழை பெய்த மறுநாள் பட்டறை வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. மேலே மோட்டார் சைக்கிள் படுத்திருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் ஏறி, காய்ந்து, சக்கரம் சுவரில் பதித்த மாதிரி அசையாமல் நின்றது. உளியை வைத்துத்தான் செதுக்கி எடுத்தேன். மனுஷர் வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தார். இறங்கியதும் சட்டையை இழுத்துக் காட்டினார்.

"நல்லாப் பாருங்கண்ணே, ஒரு பொட்டுச் சேறு இல்ல. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீக."

தவமணிக்கு வந்த நெருக்கடி

தவமணி கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர். ஐஸ் போட்ட பிளாஸ்கில் காளையின் விந்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஆபீஸ் கொடுத்த மோட்டார் சைக்கிள் அவருக்கு உண்டு. அவர் பார்த்த ஊர்களில் பாதிக்கு மேல் ஒரு பெரிய கண்மாய்க்கு மேற்கே இருந்தன. அங்கே போகிற ரோடு என்று ஒன்று கிடையாது. கண்மாய்க் கரை, ஓடை மணல், சீமைக் கருவேலங்காடு, அவ்வளவுதான்.

அந்த வண்டியின் இன்ஜின் அடிப்பக்கம் இரண்டு தடவை விரிசல் விட்டு ஆயில் ஒழுகியிருந்தது. ஆபீஸில் பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை உடைந்தால் வண்டியை வாங்கித் தார் ரோட்டில் போகிற வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன், நீ சைக்கிளில் போ. என் பட்டறைக்கு வந்து தவமணி இதைச் சொன்னார். பருவத்துக்கு வந்த மாடு அன்றைக்குக் கத்தும், மறுநாள் அடங்கிவிடும். தவறவிட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். கண்மாய்க்கு மேற்கே ஒற்றை மாடு வைத்துப் பிழைக்கிற வீடுகள்தான் அதிகம். வண்டி போனால் அந்த ஊர்கள் தன்னைவிட்டுப் போய்விடும் என்பதுதான் அவருடைய கவலை.

கப்பலூர்ப் பட்டறைகளில் வெட்டி மிஞ்சுகிற கனத்த தகடு எனக்குக் கிடைக்கும். அதில் ஒன்றை எடுத்து, முன்பக்கம் மேலே வளைத்து, இன்ஜினுக்கு அடியில் நாலு போல்ட்டில் பொருத்தினேன். வெள்ளைச் சட்டைக்காரரிடம் கற்ற பாடம் மறக்காமல் இன்ஜினுக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விட்டேன். வேலை முடிகிற வரைக்கும் தவமணி பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இறுக்குங்க ராசுண்ணே. சைக்கிள்ல நான் போய்ச் சேர்றதுக்குள்ள மாட்டுக்கு ஆசையே விட்டுப் போயிரும்."

கொள்ளு தின்ற வண்டி

நம்ம பக்கம் கொள்ளு அறுத்தால் களத்துக்குக் கொண்டுபோவதில் பாதி ரோட்டில் விரியும். போகிற பஸ்ஸும் லாரியும் ஓசியில் கதிரடித்துக் கொடுத்துவிடும். வண்டிக்காரர்களின் சாபத்துக்கு அசருகிற ஆள் அங்கே யாரும் இல்லை.

தவமணி தகடு போட்ட பிறகு அந்த வழியாகப் போயிருக்கிறார். கொள்ளுச் செடி சக்கரத்தில் சுருண்டு, நான் பெருமையாக விட்டிருந்த இரண்டு விரல் இடத்தில் போய் அடைந்துகொண்டது. பக்கத்திலேயே சைலன்சர் குழாய் கொதித்துக்கொண்டிருக்கிறது. கொஞ்ச தூரத்தில் வண்டிக்கு அடியிலிருந்து புகை வந்திருக்கிறது. தவமணி குதித்து இறங்கி முதலில் பிளாஸ்கைக் கழற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார். கொள்ளு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள்தான் ஓடி வந்து, தூக்குவாளியில் வைத்திருந்த நீராகாரத்தை மோரோடு சேர்த்து வண்டிக்கு அடியில் ஊற்றி அணைத்திருக்கிறார்கள். பட்டறைக்கு வந்தபோது தகட்டில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. இன்ஜினுக்கு அடியில் வெங்காயம் கிடந்ததை நான் என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஊற்றின பெண்மணி சொன்னதைத் தவமணி அப்படியே சொல்லிக் காட்டினார்.

"வண்டி பசியாறிருச்சுய்யா, இனிப் பதனமாக் கூட்டிட்டுப் போங்க."

நேர்கோடு

முன்பக்கம் கொள்ளுச் செடி ஏறாமல் தகட்டின் உதட்டை உயர்த்தி வைத்தேன். சில மாதம் தவமணியைக் காணோம். பிறகு ஒருநாள் வந்து, தகடு நெளிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். நான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கல் தெறித்து அடித்தால் தகட்டில் அம்மைத் தழும்பு மாதிரி அங்கங்கே குழி விழும். கருவேல முண்டு உரசினால் நீளவாக்கில் கீறல் விழும். இந்தத் தகட்டில் குழியும் இல்லை, கீறலும் இல்லை. குறுக்குவாட்டில், நேராக, கத்தி வைத்து அமுக்கின மாதிரி வெட்டுகள். எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. தகடு மேலே எக்கி, இன்ஜினைத் தொட ஒரு நூல் இடம்தான் பாக்கி. இன்னும் ஒரு அடி விழுந்தால் தகடே இன்ஜினை உடைத்துவிடும், தவமணி சைக்கிளில் ஏற வேண்டியதுதான்.

"எங்க தட்டுனது?" என்று கேட்டேன். "பாதைதாண்ணே" என்றார். "எந்தப் பாதையில கல்லு கோடு போட்ட மாதிரி நிக்குது? தண்டவாளத்துலயா ஓட்டுறீக?" என்றேன். அவர் டீக் கிளாஸுக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர், காது மட்டும் சிவந்துவிட்டது. கடைசியில் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"இன்னும் கனமாப் போட்டுக் குடுங்கண்ணே. காரணத்த மட்டும் கேக்காதீக."

பின்சீட்டுப் பயணம்

காரணத்தைக் கேட்காதே என்று யாரிடம் சொல்கிறார் பாருங்கள். மூன்று நாள் எனக்கு வேலை ஓடவில்லை. புதுத் தகட்டைப் பூட்டிவிட்டு, போல்ட் தாங்குகிறதா என்று பாதையில் வைத்துத்தான் பார்க்க முடியும், நானும் வாரேன் என்று பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "அண்ணே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று அவர் நெளிந்ததிலேயே, விஷயம் அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தது.

போகும்போது காதை முழுக்கத் தகட்டில் வைத்திருந்தேன். கண்மாய்க் கரையில் கல் இருந்தது. ஓடையில் பாறை துருத்திக்கொண்டிருந்தது. தவமணி புட்டத்தைத் தூக்கி, கால் கம்பியில் எழுந்து நின்று, தூளியில் பிள்ளையைக் கொண்டுபோகிறவர் மாதிரி ஓட்டினார். பாறை வந்த இடத்தில் இறங்கித் தள்ளினார். ஒரு சத்தம் வரவில்லை. இம்புட்டு நல்லா ஓட்டுகிற ஆளுடைய தகடு எப்படி நெளிந்தது? எனக்குக் குழப்பம் கூடிவிட்டது.

ஒச்சம்மாள் என்கிறவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். உள்ளே மாடு கத்திக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். ஒச்சம்மாள் கையில் மஞ்சள் தண்ணீர் செம்பு. தவமணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியாது; திருடன் அகப்பட்டுக்கொண்ட மாதிரி. நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் நாலு ஆட்கள் வண்டியின் ஹேண்டில்பாரையும் கேரியரையும் பிடித்துவிட்டார்கள். வீட்டு வாசலைத் தாண்டித்தான் தொழுவம். வாசலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒரே கல்லில் செதுக்கின படி. "தூக்கு மாப்ள, விட்றாத" என்று முன்சக்கரத்தைத் தூக்கிப் படிக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். வண்டி வயிற்றைக் கொண்டுபோய்க் கல்லின் விளிம்பில் 'டங்' என்று போட்டது. எனக்கே விலாவில் இடித்த மாதிரி இருந்தது. பிறகு பின்னாலிருந்து தம் பிடித்துத் தள்ள, தகடு கல்லில் தேய்ந்துகொண்டே உள்ளே போனது.

வண்டியை மாட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒச்சம்மாள் ஹெட்லைட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக் குங்குமம் வைத்தார். ஹேண்டில்பாரில் ஒரு பிடி அறுகம்புல்லைச் செருகினார். மாடு வண்டியை முகர்ந்து பார்த்தது. அதற்குப் பிறகுதான் தவமணியைப் பிளாஸ்கைத் திறக்க விட்டார்கள். வண்டியை எதற்கு உள்ளே கொண்டுவந்தீர்கள் என்று ஒச்சம்மாளிடம் கேட்டேன். இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"காளையத் தொழுவத்துக்குள்ள கூட்டியாந்து மாட்டுக்குக் காட்டாம, தெருவுல நிப்பாட்டி வச்சா எப்படிய்யா சினை தங்கும்?"

தானாக வந்த காளை

திரும்பும் வழியில் தவமணி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கண்மாய்க்கு மேற்கே எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கமாம். முன்னே காளை வந்து நின்ற இடத்தில் இப்போது வண்டி வந்து நிற்கிறது. ஆகவே வண்டிக்குக் காளையின் மரியாதை. ஒருதடவை பிடிவாதமாக வெளியே நிறுத்தியிருக்கிறார். அந்த மாட்டுக்குச் சினை தங்கவில்லை. அதோடு அந்தத் தெருவில் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். ஆபீஸில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். "பாதை மோசம்" என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். எனக்கு மனுஷர் மேல் கோபம் வர வேண்டியது. ஆனால் பாவமாகத்தான் இருந்தது, அதைவிட மர்மம் விடுபட்ட சந்தோஷம் பெரிதாக இருந்தது.

இன்ஜினுக்கு எம்புட்டுக் கனத்தில் தகடு போட்டாலும் கல்படி ஜெயித்துவிடும். ஆகவே வண்டியை விட்டுவிட்டுப் படிக்கு வைத்தியம் பார்த்தேன். நெளிந்த பழைய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, இரண்டு ஓரமும் ஆங்கிள் வைத்து, நடுவில் கீல் போட்டு மடிக்கிற மாதிரி ஒரு சாய்வுப் பலகை அடித்தேன். மடித்து லெக்கார்டில் மாட்டிக்கொள்ளலாம். விரித்துப் படிமேல் சாத்தினால் வண்டி அதன்மேலேயே ஏறி, அந்தப் பக்கம் இறங்கிவிடும். ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பதுதான் தவமணிக்குப் பயம். தூக்கி வைப்பதும் மரியாதையில் சேர்த்தியோ என்னவோ?

அடுத்த தடவையும் நான் போனேன். என்னால் எப்படிப் பட்டறையில் உட்கார்ந்திருக்க முடியும்? தவமணி பலகையைச் சாத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமல், முதல் கியரில் மெள்ள ஏற்றினார். வண்டி உறுமிக்கொண்டே படி தாண்டித் தொழுவத்துக்குள் நுழைந்தது. ஒச்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"யாத்தே, இம்புட்டு நாளும் இழுத்துல்ல கொண்டாந்தோம். இன்னைக்குத்தான் அது தானா வருது."

பெரிய டாக்டர் வந்தார்

பிறகு ஒருநாள் தவமணி பட்டறைக்கு நடந்து வந்தார். வண்டி இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "போச்சுண்ணே" என்றார். பெரிய டாக்டர் திடீரென்று ஜீப்பில் கண்மாய்ப் பக்கம் வந்துவிட்டாராம். ஓடை மணலில் ஜீப் நின்றுவிட, தவமணியின் பின்சீட்டில் ஏறி ஒச்சம்மாள் வீடு வரைக்கும் போயிருக்கிறார். பலகையில் வண்டி ஏறியது, குங்குமம், அறுகம்புல் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஒச்சம்மாள் போன வருஷத்துக் கிடாரிக் கன்றை இழுத்து வந்து நிறுத்தி, "வண்டிய உள்ள கூட்டியாந்ததுக்குப் பலனு இந்தா நிக்குது, பாத்துக்கங்க" என்று வேறு சொல்லியிருக்கிறார். திரும்பி வந்ததும் பெரிய டாக்டர் வண்டிக்கு அடியில் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "சாவியக் குடு" என்று கேட்டு வாங்கி, வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

தவமணிக்கு டீ சொன்னேன். அது ஆறிக்கொண்டிருந்தது. என் பலகையால்தானே மனுஷர் மாட்டிக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, தெருமுனையில் பழகின இன்ஜின் சத்தம் கேட்டது. பெரிய டாக்டர் அந்த வண்டியில்தான் வந்து இறங்கினார். ஹெட்லைட்டில் குங்குமம் அப்படியே இருந்தது. தவமணி எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. பெரிய டாக்டர் சாவியைத் தவமணியின் கையில் கொடுத்துவிட்டு, லெக்கார்டில் தொங்கிய பலகையைக் கழற்றி, கீலை மடக்கியும் விரித்தும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்.

"எங்கிட்ட இருக்க அம்புட்டு வண்டியும் அடிவயிறுதாங்க உடையுது, அம்புட்டுப் பேரும் பாதை பாதைன்னுதான் சொல்லிக்கிட்டிருக்காங்க. எல்லா வண்டிக்கும் இது மாதிரி ஒண்ணு அடிச்சிருங்க, பில்லுல மட்டும் பாதைக்குன்னே போடுங்க."

ஆகவே நண்பர்களே, கல்லுக்கும் முள்ளுக்கும் தகடு அடித்துத் தர அவனியாபுரத்தில் ஆள் உண்டு. மரியாதையோடு வீட்டுக்குள் தூக்கி வைக்கிற ஊருக்குப் போகும்போது மட்டும் பலகையைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.